ஒன்பது நாள் குமட்டல்

முப்பிடாதியம்மாளுக்கு எதைக் கண்டாலும் அருவருப்பே கிடையாது என்று தாராவியில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அவளுக்கு ஒரே ஒரு ஆளைக் கண்டால் வயிற்றைப் புரட்டும். அது அவள் நாத்தனார் கோமதியம்மாள்.

குடலைக் கண்டு புரட்டியதெல்லாம் பழைய கதை. ஐம்பத்திரண்டில் இசக்கிப்பாண்டியைக் கட்டிக்கொண்டு நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவள், வந்த வாரமே குடல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பாந்திராவில் அறுத்த ஆடுகளின் குடல் பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கும். உள்ளே இருக்கிறதைப் பிதுக்கி எடுத்து, வழவழப்பைச் சுரண்டி, அலசி, உப்புப் போட்டு அடுக்க வேண்டும். முதல் நாள் வாந்தி. மறுநாளும் வாந்தி. ஒன்பது நாள் குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தவள் யார் என்கிறீர்கள்? இதே கோமதிதான். அப்போது கல்யாணமாகாத குமரி. கையைக்கூடக் கழுவாமல் வெற்றிலையை மடித்து வாயில் திணித்துக்கொண்டு பாடுவாள். அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் பத்தாம் நாள் முப்பிடாதி அந்தப் பீப்பாயோரமே உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

அப்பேர்ப்பட்ட கோமதி, அணுசக்தி ஆபீசில் வேலை பார்க்கிறவனுக்கு வாக்கப்பட்டுச் செம்பூருக்குப் போனாலும் போனாள், தாராவிக்குள் கால் வைத்ததும் இடது புறங்கையை மூக்கில் வைத்து, நாக்கால் ஒரு ‘ச்சு’ கொட்டுவாள். பவுசு! முப்பிடாதிக்குக் குமட்டாமல் என்ன செய்யும்?

கோமதிக்கு ஐந்து வருஷமாகப் பிள்ளை இல்லை. ஐம்பத்தெட்டில் முப்பிடாதிக்கு இரட்டைப் பெண் பிறந்தது. தங்கச்சி அழுததைப் பார்த்து இசக்கிப்பாண்டி மனசு இளகி ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். பூமாரி இங்கே, முருகம்மாள் அங்கே. முப்பிடாதி கேட்டது ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு நாள், சித்திரைக் கடைசிச் செவ்வாய், பிள்ளை தன் வீட்டுக்கு வந்து, தான் ஊட்டி ஒரு வேளை சாப்பிட வேண்டும். பெத்தவள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

அறுபத்தெட்டில் பிள்ளைகளுக்குப் பத்து வயசு. அந்தச் செவ்வாய்க்குக் கோமதி முருகம்மாளைத் தாராவிக்குக் கூட்டிவந்தாள். முப்பிடாதி மிளகு தூக்கலாகக் குடல் குழம்பு வைத்து, சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினாள். முருகம்மாளின் இடது புறங்கை மூக்குக்குப் போனது. நாக்கு ‘ச்சு’ என்றது. அச்சு அசல் கோமதி.

“வேண்டாம் அத்தை, நாறுது” என்று ஓங்கரித்தாள்.

முப்பிடாதிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நீட்டிய உருண்டை கையிலேயே இருந்தது. கோமதிக்கோ முகம் கொள்ளாத பெருமை. “சுத்தம் அவ ரத்தத்துலயே ஊறிப்போச்சு மைனி” என்றாள். யார் ரத்தம்டி என்று கேட்க வாய் வரைக்கும் வந்ததை முப்பிடாதி விழுங்கிக்கொண்டாள்.

அதோடு விட்டாளா கோமதி? பிள்ளை பால் குடிக்க அழிச்சாட்டியம் பண்ணுகிறதாம். காலையும் மாலையும் டெப்போவில் வாங்குகிற பாட்டில் பாலைக் காய்ச்சிக் கொடுத்தால், அரை மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறதாம். பள்ளிக்கூடத்தில் பாவாடையோடு போய், டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம். எல்லாம் கள்ளமாம். மூக்கைப் பிடித்து ஊற்றுகிறாளாம், கேட்காவிட்டால் கரண்டிக் காம்பாம். அப்போதுதான் முப்பிடாதி பிள்ளையின் கையைப் பார்த்தாள். குச்சிக் கை. அதில் வரிவரியாகத் தடிப்பு.

தனக்கும் பால் ஒத்துக்காது, தன் அப்பனுக்கும் ஒத்துக்காது, பூமாரிக்கும் அதே கதிதான், இது கள்ளமில்லை, வயிற்றுவாகு என்று முப்பிடாதி சொல்லிப் பார்த்தாள். பால் செரிக்காத வயிறும் உலகத்தில் உண்டா என்று கோமதி சிரித்தாள். சுத்தம் என்றால் மட்டும் ரத்தமாம், வயிற்றுப்போக்கு என்றால் கள்ளமாம். என்ன எழவு நியாயமோ!

இதைப் பேச்சால் தீர்க்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இப்படியே விட்டால் பிள்ளை கரைந்தே போய்விடும்.

“ஏட்டி கோமதி, பூமாரியையும் கூட்டிட்டுப் போ. லீவுதான. அதே பால அவளுக்கும் குடு. ரெண்டு பேரும் ஒண்ணுபோலக் கள்ளம் பண்ணுதாளுவளான்னு நீயே பாரு.”

பெத்த பிள்ளைக்குத் தெரிந்தே வயிற்றுவலியை வரவழைக்கிறோமே என்று தோன்றத்தான் செய்தது. முருகம்மாளுக்காக ஒரு டம்ளர் குடிச்சிருடி என்று பூமாரியிடம் சொன்னாள். பூமாரி வாய் நிறையக் குடலோடு தலையாட்டினாள்.

பத்தாம் நாள் கோமதி பூமாரியைக் கொண்டுவந்து விட்டாள். முதல் நாள் காலையிலேயே இரண்டு பிள்ளைகளும் ஒரே கக்கூஸ் கதவில் முட்டிக்கொண்டு நின்றார்களாம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பாலை எடுத்துப் புருஷன் காப்பிக்கு வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் கஞ்சி கொடுத்திருக்கிறாள். “இனிமே ஊத்தல மைனி” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அடித்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. போய்த் தொலையட்டும். பிள்ளை பிழைத்தது. முப்பிடாதிக்குப் பத்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

கோமதி போனதும் பூமாரிக்குப் பிடித்த குடல் குழம்பை ஊற்றித் தட்டை வைத்தாள். பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், சேலை மாற்றக்கூட இல்லை. வாசற்படியில் நின்ற பூமாரியின் இடது புறங்கை மூக்குக்குப் போனது.

‘ச்சு.’

வேண்டுமென்று செய்யவில்லை. கை மூக்கில் இருக்கிறது என்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

“ஒம்போது நாள்ல சரியாப் போயிரும். உள்ள வா” என்றாள் முப்பிடாதி. தான் சாப்பிட்டுக் காட்டினால் பிள்ளையும் சாப்பிடும் என்று நினைத்து, ஒரு உருண்டையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

பதினாறு வருஷம் கழித்து அந்த நாற்றம் அவள் மூக்கில் ஏறியது. கையில், சேலையில், தலைமயிரில், குழம்பில். உருண்டையைத் தட்டில் போட்டுவிட்டு வெளியே ஓடிச் சாக்கடையோரம் குந்தி, புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தாள்.

பூமாரி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.