குழிநரி இருக்கும் மணல்

நெத்திலிக் கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே ரோஸ்மேரி குனிந்து மணலைப் பார்க்கிறாள். லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு போடுகிற மற்ற பெண்கள் மீனைக் காயப்போடுமுன் வானத்தைப் பார்ப்பார்கள். இவள் தேடுவது இரண்டு பூச்சிகளை.

ஒன்று, பளபளவென்று ஓடும் வண்டு. எறும்பைக் கண்டால் துரத்திப் பிடிக்கும். ஓடுவதற்கு இறுகிய தரை வேண்டும் அதற்கு. இறுகிய மணலென்றால் அடியில் ஈரம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றது குழிநரி. மாவாய் உதிரும் மணலில் புனல்போலக் குழி பறித்து, அடியில் புதைந்து, சறுக்கி விழும் எறும்புக்காகக் கிடக்கும். ஈரமிருந்தால் குழி பறிக்காது. "அவன் ஓடித் துன்றவன், இவன் குந்திக்கினு துன்றவன். குந்திக்கினு இருக்கிறவன்தான் எனக்கு தோஸ்து" என்பாள்.

பட்டுத் தெரிந்துகொண்டது இது. போன கார்த்திகையில், மேலே வெள்ளையாய் இருக்கிறதே என்று வண்டு ஓடிய மணலில் வலையை விரித்து மீனைப் பரப்பினாள். சாயங்காலம் புரட்டினால் அடிப்பக்கமெல்லாம் நாற்றம். அத்தனையும் கோழித் தீவனத்துக்குப் போனது. பக்கத்து வீட்டு ஜமுனா தன் கருவாட்டில் பாதியைக் கொடுத்திராவிட்டால் அந்த வாரம் சந்தைக்கே போயிருக்க முடியாது.

இன்று விடியலிலும் தூறல். ஆறு நாள் காற்றுக்குப் பிறகு கிடைத்த முதல் மீன். இதுவும் கெட்டால் வீட்டில் உலை ஏறாது. கரை முழுக்க வண்டுதான் ஓடியது. கடைசியில், சாம்சன் கவிழ்த்துப் போட்டிருந்த ஃபைபர் படகுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். குழி குழியாய் இருந்தது.

படகை நகர்த்தித் தரச் சொன்னதும் சாம்சன் சிரித்தான். "இன்னாக்கா, பூச்சி சொல்லுதுன்னு போட்டை நவுத்தணுமா? நாளைக்கு அதுக்குக் கோயில் கட்டச் சொல்லுவே."

"கட்டுடா. மொத மெழுகுவத்தி என்து."

முணுமுணுத்துக்கொண்டே நாலு பேரைக் கூப்பிட்டு நகர்த்திக் கொடுத்தான். நல்லா இருடா என்று அவன் முதுகில் தட்டினாள். அந்தப் பக்கம் ஜமுனா வண்டு மணலில் வலையை உதறிக்கொண்டிருந்தாள்.

"அங்க வாணாம், இங்க வா. பாதி எடம் உன்து" என்று ரோஸ்மேரி கூப்பிட்டாள்.

ஜமுனா வந்து கூடையை இறக்கிவிட்டாள். ரோஸ்மேரி இன்னும் விரிக்கவில்லை. மண்டியிட்டு, குழிகளோடு சேர்த்துக் காய்ந்த மணலை அள்ளினாள். உள்ளங்கையில் குழிநரிகள் பின்பக்கமாகவே நடந்தன. படகு போய் நின்ற புது நிழலுக்குள் முழங்காலால் நகர்ந்து போய், இரு கைகளையும் தரையில் வைத்து, விரல்களை மெல்லப் பிரித்தாள்.