சூட்டுப் பெட்டிக்குக் காட்டிய சாம்பிராணி

தவமலர் மிஸ் இறந்த செய்தியை அச்சுவேலி பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில்தான் கண்டேன். பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தபோது அவருடைய படம் மட்டும் தெரிந்தது. மிஸ்ஸுக்கு இன்னொரு பாராட்டு விழா வைக்கிறார்கள் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். பஸ் கொஞ்சம் முன்னுக்கு வந்தது. படத்தின் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது. நான் பள்ளிக்கூடம் போகாதவன்; ஆனால் அந்த விளக்கை வாசிக்கப் பள்ளிக்கூடம் தேவையில்லை. இறங்கிப் போய், பக்கத்தில் வெற்றிலை விற்றவரிடம் கேட்டேன். "முந்தநாள் மோசம் போயிட்டாவாம் ஐயா. இண்டைக்குப் பின்னேரம் எடுக்கினம்" என்றார்.

செத்தவீடு முடிந்து சில நாளில் மிஸ்ஸின் தம்பி என் வீட்டுக்கு வந்தார். "நீங்கள் கன காலம் அக்காவோடை நிண்டனீங்கள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கோ" என்றார். அவரைப் பற்றி நல்லதைச் சொல்லப் போனால், என்னைப் பற்றிக் கெட்டதைச் சொல்லாமல் முடியாது. அவரை அறிந்த நீங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். அவருடைய ஆராய்ச்சியை என்னைவிட நன்றாக அறிவீர்கள். எனக்கு அவர் சொன்னதை நான் சொல்கிறேன். அவருடைய பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, போத்தல் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"எதுக்குக் கழுவுறீங்கள் எண்டு உங்களுக்குத் தெரியவேணும் அண்ணை. செத்தவீட்டுச் சேதி சொல்ல வாறவர் வீட்டுக்குள்ளை வாறவரோ?"

"இல்லை மிஸ். வாசல் படலையடியிலை நிண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவார்."

"அதுதான். ஆள் உள்ளுக்கை வரேல்லை. ஆனால் வீடு முழுக்க எழும்பி நிக்குது. அடுப்பு அணையுது, பொம்பிளையள் குளறி அழுகினம், ஆம்பிளையள் சைக்கிளை எடுக்கினம். உடம்பிலை இருக்கிற ஒவ்வொரு கலத்துக்கும் அப்பிடிப் படலையள் இருக்கு. வாங்கி எண்டு சொல்லுறது. வெளியிலை வந்து நிக்கிறதின்ரை சேதியை வாங்கி உள்ளுக்கை குடுக்கும். உள்ளுக்கை ஒருத்தர் மற்றவருக்குச் சொல்லி, வேலை துவங்கும். நான் பாக்கிறது, புகைக்கும் தூசுக்கும் எழும்பிற ஒரு வாங்கியை."

ஆஸ்மா என்கிற முட்டு வருத்தக்காரருக்குச் சின்னத் தூசுக்கும் அந்த வாங்கி ஏன் துள்ளி எழும்புகிறது என்பதே அவருடைய கேள்வி. அவருடைய தாயார் அந்த வருத்தத்தோடு மூச்சுக்குப் போராடியவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சுவாசக் குழாயின் கலங்களைத் தட்டுகளில் இட்டு ஒரு பெட்டிக்குள் வளர்த்தார்கள். பெட்டி எப்போதும் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். கரண்ட் நின்றால் ஜெனரேற்றரைப் போடுவது என் பொறுப்பு. அந்த அறைக்குள் புகை, வாசம், பவுடர், பூ எதுவும் போகக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. வாசிக்கத் தெரியாது என்று நான் தப்ப முடியாது. மிஸ் எனக்கு வாயாலும் சொன்னவர். வெள்ளிக்கிழமைகளில் விறாந்தையின் அந்தக் கோடியில் இருந்த பிள்ளையார் படத்துக்கு நான் சாம்பிராணி போடுவேன். அதை அவர் மறிக்கவில்லை. "சாமி விறாந்தையிலை, கலம் அறைக்குள்ளை. ரெண்டு பேரையும் சந்திக்க விடாதேங்கோ அண்ணை" என்று சிரிப்பார்.

ஒரு மாரிகாலம் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்தது. மூன்று தரம் எல்லாக் கலங்களையும் கொட்ட வேண்டி வந்தது. கழுவுகிற தொட்டியடியில் மிஸ் போய் நின்றார். வதனி என்ற ஆராய்ச்சி மாணவி, வல்வெட்டித்துறைப் பிள்ளை, அழுதே விட்டார். என் மனம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகள். குளிக்க வார்த்துச் சாம்பிராணி காட்டாமல் ஒரு பிள்ளையையும் நாங்கள் வளர்க்கவில்லை. இதுவும் உடம்புச் சூட்டில் கிடக்கிற பச்சை உயிர்தானே என்று நினைத்தேன். அடுத்த வெள்ளி, யாரும் வர முன்னம், தணல் தட்டோடு அறைக்குள் போனேன். பெட்டியைத் திறந்து, பிள்ளையின் தலைமாட்டில் காட்டுவது போல மூன்று தரம் சுற்றிக் காட்டி மூடினேன். பிறகு காற்றாடியைப் போட்டுப் புகையைக் கலைத்தேன். விறாந்தையிலும் அதே வாசம் என்றபடியால் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பூஞ்சணம் வரவில்லை. அது மிஸ் மாற்றிய வடிகட்டியால் என்று இப்போது அறிவேன். அன்றைக்கு அது என் சாம்பிராணியால் என்றுதான் நம்பினேன். வெள்ளிக்கு வெள்ளி காட்டினேன்.

வதனி செய்த சோதனையில், சேதி உள்ளே போன கலம் பச்சையாக மினுங்கும். ஒன்றும் கொடுக்காத கலம் இருண்டு கிடக்க வேண்டும். இப்போது ஒன்றும் கொடுக்காததும் மினுங்கத் தொடங்கியது. ஒரு நாள் மினுங்கும், பல நாள் மினுங்காது. மூன்று மாதம் இப்படிப் போனது. மிஸ் பொறுமை இழந்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான். எல்லாருக்கும் முன்னால், "வதனி, உங்கடை கையிலைதான் பிழை. வடிவாய்க் கழுவுறனீங்களோ இல்லையோ?" என்று கேட்டுவிட்டார்.

"அப்பாவாணை மிஸ், நான் ஒரு பிழையும் விடேல்லை."

நான் கூட்டுகிற தும்புத்தடியோடு வாசலில் நின்றேன். என் புகையின் நினைப்பு எனக்கு அப்போது வரவில்லை. அடுத்த மாதம் வதனி ஆராய்ச்சியை விட்டுவிட்டார்.

மிஸ் அதோடு விடவில்லை. குறிப்புக் கொப்பிகளையும் கலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல நாள் பார்த்தார். ஒரு வியாழன் பின்னேரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணை, பிழைச்ச தட்டு எல்லாம் வெள்ளிக்கிழமைத் தட்டு. வெள்ளியிலை இந்த அறைக்குள்ளை ஏதும் செய்யிறனீங்களோ?"

அந்த நிமிசத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அந்தக் கிழமைதான் வர இருந்தது. கடைசி மகளுக்குச் சம்பந்தம் பேசினோம். தகப்பனுக்கு நிரந்தர வேலையோ என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்தார்கள். "இல்லை மிஸ். கூட்டித் துடைக்கிறதோடை சரி" என்று பொய் சொன்னேன். அவர் கொப்பியை மூடிவைத்தார். "சரி அண்ணை" என்றார்.

அடுத்த நாள் நான் தணல் தட்டைத் தொடவில்லை. அந்த வெள்ளியும் அதற்கடுத்த வெள்ளியும் மிஸ் செய்த சோதனையில் கலங்கள் இருண்டே கிடந்தன. அதைக் கண்டும் விளங்காதவரா அவர்?

"வதனி வீட்டை போவம், நீங்களும் வாங்கோ" என்று ஒரு நாள் வான் வண்டியில் ஏற்றினார். வல்வெட்டித்துறையில் கடற்கரையோடு வீடு. வதனியின் தகப்பன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எழும்பவில்லை.

"கை ஊத்தை எண்டு என்ரை பிள்ளையைத் துரத்தினனீங்கள். மீன் நாத்தம் எண்டும் ஆரோ அங்கை சொன்னவையாம்."

"பிழை வதனியின்ரை கையிலை இல்லை ஐயா. எங்கடை அறையிலை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"அறை எப்பிடிப் பிழை விடும்? ஆள்தானே விடும். ஆர் அது?"

வேலியோடு நின்ற என்னை மிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது. "அறைக்கு நான்தான் பொறுப்பு" என்றார்.

"அப்ப நீங்கள்தான் ஊத்தை."

மிஸ் ஓம் என்பது போலத் தலையாட்டினார். வதனி உள்ளே இருந்து வரவேயில்லை.

திரும்பி வரும் வழியில் மிஸ் ஒரே ஒரு தரம் வாய் திறந்தார். மாணவர்களுக்கு அவர் வழக்கமாகச் சொல்வது; உங்களுக்கும் சொல்லியிருப்பார்: "நடந்ததை எழுதுங்கோ. நடந்திருக்க வேண்டியதை எழுதாதேங்கோ." அதை வெளியே பார்த்தபடி சொன்னார். எனக்குத்தான் எழுதத் தெரியாதே, அது எனக்குச் சொன்னதில்லை என்று நான் பேசாமல் இருந்தேன். எழுதத் தெரியாவிட்டாலும் வாய் இருந்தது. வதனி விட்டுப்போன சோதனைகளை மிஸ் ஒரு வருடம் இருந்து தன் கையாலேயே திருப்பிச் செய்தார். அந்த வருடம் முழுக்க அவருக்குப் போத்தல் கழுவிக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தேன். கடிதம் வந்தது, மகளின் கலியாணம் நடந்தது. இருபது வருடம் போய்விட்டது.

செத்தவீட்டில் வதனியைக் கண்டேன். இப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். பந்தலுக்குப் பின்னால் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாம்பிராணியோ?" என்றார். "கலத்துக்குச் சாம்பிராணியோ, கந்தையா அண்ணை?" சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. "அப்பா போய் ஆறு வருசம். சாகுமட்டும் மிஸ்ஸைத் திட்டினவர். நானும் அவவின்ரை முகத்திலை முழிக்கேல்லை. இண்டைக்குத்தான் பாக்கிறன், அவ கண் மூடினாப் பிறகு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பந்தலுக்குள் திரும்பிப் போய்விட்டார். நினைவு மலர் வெளிவரும் சேதி அறிந்து பிறகு அவரே என் வீட்டுக்கு வந்தார். "என்னட்டைத் தனியாய்ச் சொன்னது காணாது. எல்லாரும் வாசிக்கச் சொல்லுங்கோ. நான் எழுதுறன்" என்றார். இதை எழுதுகிறவர் அவர்தான். மிஸ் கேட்ட இடத்தில், பயத்தில் ஏதோ சொல்லிவிட்டேன் என்று நான் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தினார். "பயம் எண்டு போடவோ, பொய் எண்டு போடவோ?" பொய் என்று போடச் சொன்னேன்.

நான் ஓய்வு பெற்ற நாளில் மிஸ் எழும்பி, "கந்தையா அண்ணை நிக்கிறார் எண்டால் நான் வீட்டை நிம்மதியாய் நித்திரை கொள்ளுவன்" என்று சபையில் சொன்னார். அதைக் கேட்டவர்கள் இன்றைக்கும் என்னைக் கண்டால் எழும்பிக் கதிரை தருகிறார்கள். நான் யார் என்று தெரிந்துகொண்டே அவர் எனக்குத் தந்த பெயர் அது. அதற்கு நான் உரியவன் இல்லை. இதை வாசித்த பிறகு நீங்கள் கதிரை தராவிட்டால் நான் நின்றுகொள்கிறேன். தெரிந்துகொண்டும் தந்தார் என்ற அந்த ஒன்றை மட்டும் என்னோடு வைத்திருக்க விடுங்கள்.