கேபிள் புகையும் என் கலையும்

நான் புகையைப் படமெடுக்கிறவன். இதைச் சொன்னால் சிலர் பரிதாபமாகப் பார்ப்பார்கள், சிலர் சற்றுத் தள்ளி உட்காருவார்கள். ஊதுவத்தியைக் கொளுத்தி, பின்னால் கறுப்புத் துணி கட்டி, பக்கவாட்டில் விளக்கடித்து, எழும் புகையைப் பிடித்துக் கணினியில் நிறம் மாற்றினால் நவீன ஓவியம் மாதிரி இருக்கும். காற்று அசையக் கூடாது என்பதால் எங்கள் வீட்டுக் குளியலறைதான் என் ஸ்டூடியோ. ஜன்னலை அடைத்த குளியலறையில் மல்லிகை ஊதுவத்தியும் சாக்கடை வாடையும் கலந்தால் என்ன வருமோ, அது என் சட்டையில், தலைமுடியில், சாம்பார் சோற்றில்கூட இருந்தது.

"உள்ள இன்னாய்யா தவம் பண்ணிகினு கீற? அவசரம், வெளிய வா!" என்று என் மனைவி கதவை இடிப்பாள். என் கலைக்கு அதுவரை கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான்.

ஊதுவத்தி அலுத்துப்போன சமயத்தில் கரையான்சாவடியில் ஒரு காலி மனை கண்ணில் பட்டது. காயலான் கடைக்காரர் ஒருவர் பழைய கேபிள்களை அங்கே குவித்துக் காலையில் எரிப்பார். மேலே இருக்கும் பிளாஸ்டிக் எரிந்தால் உள்ளே செம்பு மிஞ்சும். அந்தப் புகை தாரைவிடக் கறுப்பு. கணினியில் நெகட்டிவாகப் புரட்டினால் கறுப்பு வானத்தில் வெண்பட்டு நழுவுகிற மாதிரி இருந்தது. சொக்கிப்போனேன். மூக்கு எரிந்தது, தொண்டையில் பழைய செருப்பைக் கடித்த ருசி. கலைக்கான தியாகம் என்று நினைத்துக்கொண்டேன், தடியன்.

மனையை ஒட்டி ஒரு அக்கா தள்ளுவண்டியில் இட்லி விற்றார். புகை தாழ்ந்து வரும்போது கரித்துகள் எள் தூவினாற்போல் இட்லி மேல் உட்காரும். வருகிறவர்கள் தட்டை மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். நானும் ஒரு நாள் ஒரு வாய் தின்றேன். டயரை ஆவியில் வேகவைத்துச் சட்னி ஊற்றியதுபோல் இருந்தது.

இப்படித் தினமும் போய்க்கொண்டிருந்த பத்தாம் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"நைனா, அந்தப் பொகையையே சுத்திச் சுத்திப் புடிச்சிகினு கீறியே, ஒரு நல்ல படமா குடேன். முனிசிபாலிட்டி ஆபீசுல போட்டோ இல்லாம, பொகைய நிறுத்தச் சொல்ற மனுவ வாங்க மாட்டேன்றாங்க. இப்டியே போச்சின்னா நான் வண்டிய கட்டி வெச்சிட்டு வேற வேலக்கிதான் போவணும்."

'நல்ல படம்' என்ற சொல்தான் என்னைக் கெடுத்தது. இருப்பதிலேயே அழகான வெண்பட்டுப் படத்தைப் பளபளக்கும் தாளில் அச்செடுத்து, மாப்பிள்ளை மிடுக்கோடு அவரோடு ஆபீசுக்குப் போனேன். அதிகாரி படத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, பொடவ டிசைனா?"

"கேபிள் கொளுத்துற பொகை சார்" என்றார் அக்கா.

"வெள்ளையா கீது?"

"நெகட்டிவ் சார்" என்றேன் நான்.

"எந்த எடம்?"

படத்தில் இடமே இல்லை. சுவர், கம்பம், நெருப்பு எதுவும் வரக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வெட்டியவன் நான். "சூப்பரா கீது, ஊட்ல மாட்டு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மனுவும் கூடவே திரும்பி வந்தது.

படியிறங்கியதும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் இன்னா பொண்ணு காட்டவா உன்ன இட்டுகினு போனேன்? நாத்தம் புடிச்சத இம்மாம் அழகா காட்னா எவன் அத்த நிறுத்தச் சொல்வான்?"

வீட்டுக்கு வந்து எல்லாப் படங்களையும் புரட்டினேன். ஒன்றில்கூட ஒரு துண்டு கேபிள் இல்லை. அந்தக் கருமத்தைக் குளிப்பாட்டிப் பவுடர் பூசி வைத்திருந்தேன். மனு திரும்பியதற்குப் புகையைக் குற்றம் சொல்ல வழியில்லை.

மறுநாள் காலை கைபேசியோடு மட்டும் போனேன். எரியும் குவியல், சுவர், தெருப்பெயர்ப் பலகை எல்லாம் விழும்படி எடுத்தேன். அடுத்து இட்லித் தட்டின் பக்கம் திரும்பினேன். அக்கா பாய்ந்து வந்து மூடியைப் போட்டார்.

"யோவ், இட்லிய எடுக்காத! இத்தப் பாத்தான்னா பொகை நின்னாலும் எவன் துன்ன வருவான்?"

நியாயம்தான். வேறு எதைக் காட்டுவது என்று நிற்கும்போது தும்மல் வந்தது. வெள்ளைக் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி, விரித்துப் பார்த்தேன். கன்னங்கரேலென்று, கொழகொழவென்று, ஓரத்தில் பச்சையாக.

"த்தூ! கடாசு அத்த!" என்றார் அக்கா.

கடாசவில்லை. எரிகிற குவியலும் தெருப்பெயர்ப் பலகையும் பின்னால் தெரிய அதை விரித்துப் பிடித்துப் படமெடுத்தேன். நெகட்டிவாக்கவில்லை, வெட்டவில்லை.

நாங்கள் மறுபடி போனபோது அதிகாரி டீயோடு வடை தின்றுகொண்டிருந்தார். படத்தைப் பார்த்ததும் வடையைத் தள்ளிவைத்தார்.

"ச்சீ, இன்னாய்யா இது?"

"என் மூக்குல வந்தது சார். நான் நின்னது ஒரு மணி நேரம். இவங்க நாள் பூரா நிக்கிறாங்க."

விரல் நுனியால் படத்தைக் கவிழ்த்துவிட்டு, மனுவில் முத்திரை குத்தினார்.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள்; எரிப்பது நின்றது. அக்கா என்னை உட்காரவைத்து நாலு இட்லி வைத்தார், நல்ல வெள்ளையாக. பக்கத்தில் இருவர் தட்டோடு நின்றிருந்தார்கள்.

"அண்ணாத்தே, நீங்கதான படம் புடிச்சிக் குடுத்தது? காட்டுங்களேன்" என்றார் ஒருவர்.

அக்கா கரண்டியை ஓங்கினார். நான் ஒரு முழு இட்லியை வாயில் அடைத்துக்கொண்டேன்.