உம்மாவுக்குப் பாடின பாட்டும் ஊர் தெரியாதவன்ட இசையும்

எண்ட தம்பிக்குப் புத்தளத்து உப்பளத்தில் வேலை. உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் சமைக்கிறா. இந்தப் பெருநாளைக்கும் லீவு இல்லை என்று அவ போனில் அழ, இவன் அவவுக்கு ஒரு பாட்டு எழுதினான். பாட்டுக்கு இசை வேணுமே. வெறும் இசையை மட்டும் செய்து இணையத்தில் போடுற ஒருத்தனைத் தேடிப் பிடித்தான். எந்த நாட்டுக்காரனோ, அல்லாஹ்தான் அறிவான். 'இலவசம்' என்று போட்டிருந்தது.

வேறு ஆக்கள் என்றால் பேசாமல் எடுத்திருப்பார்கள். எங்கட பக்கம், அடுத்த வீட்டு முருங்கைக்காயைப் பிடுங்கினாலும் "ஹலாலாக்கித் தாங்க" என்று ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். அவர்கள் "ஓம், ஹலால்" என்றால் பிறகு கதையே இல்லை. தம்பியும் தெரிந்த இங்கிலீசில் அவனுடைய மனப்பொருத்தத்தை, அதுதான் சம்மதத்தை, கேட்டு எழுதினான். "தாராளமாகப் பாடுங்க, என் பேரைப் போட்டால் சரி" என்று பதில் வந்தது. இதுக்கு மேல என்ன உறுதி என்று இருந்துவிட்டோம். நம்மட புத்தி அவ்வளவுதான்.

பாட்டு இணையத்தில் ஏறியது. உம்மா கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் அனுப்பினா. கொழும்பிலிருந்து ஒரு கம்பனியும் அதை வெளியிடக் கேட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் இணையத்தில் பாட்டை முடக்கினார்கள். அதே இசையை அந்த இசைக்காரன் முழு உரிமையோடு வேறொரு பாடகனுக்கு விற்றிருக்கிறான். "மகன், பாட்டு வருதில்லையே" என்று உம்மா கேட்கிறா. பெருநாளும் கிட்ட வந்துட்டு.

நான் அவனை ஏசினேன். தந்துட்டுப் பறிக்கிறவன் என்ன மனுசன்! தம்பி அவனுடைய இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினான். சும்மா பாடிப் பார்க்கத்தான் இலவசம், வெளியிடுவதென்றால் உரிமை வாங்க வேணும் என்று கீழே பொடி எழுத்தில் கிடந்தது. "அவன்ல பிழை இல்ல ராத்தா. நாமதான் வாய்வார்த்தைய நம்பிட்டம்" என்றான்.

கம்பனிக்காரர் ஒரு வழி சொன்னார். இசையைக் கொஞ்சம் வேகமாக்கி, எல்லாம் சொந்தமாகச் செய்தது என்று போட்டுவிடட்டாம், யாருக்கும் பிடிபடாதாம். போட்டுத் தொலை என்றுதான் நானும் சொன்னேன்.

"உம்மாக்குப் பாடின பாட்டு. அதுல இன்னொருத்தன்ட ஹக்க, அவன்ட உரிமைய வச்சிட்டு நான் எப்படி ராத்தா பாடுற?"

எனக்கு இளையவன்தான். ஆனாலும், இப்படி ஒரு பிள்ளையை உம்மா பெற்றிருக்கிறா என்று பெருமையாக இருந்தது. கம்பனி கைவிட்டுப் போனது, அவன் அசையவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இசை எதுவும் இல்லாமல் போனில் பாடிப் பதிந்தான். உடனே உம்மாவுக்கு அனுப்பினான். பிறகு கேட்டுப் பார்த்தால், பாட்டின் நடுவில் நான் குசினியில் மீன் தூக்கின பூனைக்கு ஏசுற சத்தம் அப்படியே விழுந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அதை வெட்டிவிட்டு வேறு அனுப்புறன் என்று அவன் உம்மாவுக்குச் செய்தி போட்டான்.

உம்மாட பதில் குரலிலேயே வந்தது. "வெட்டிராத மகன். அந்த எடத்தத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டு இருக்கன். ஊட்டுக்குள்ள நிக்கிற மாதிரி இரிக்கி."