பொட்டு வைத்த டிஸ்க்

என் மேசை இழுப்பறையில் குங்குமப் பொட்டோடு ஒரு கறுப்பு டிஸ்க் கிடக்கிறது. இப்போது அதற்கு வேலையில்லை. பொட்டைத் துடைக்கவும் மனம் வரவில்லை.

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. எந்தப் படகில் யார் யார் போகிறார்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். ஒருமுறை டேட்டாபேஸ் எழுதித் தள்ளிய லாக் கோப்புகளால் உள்ளே இடம் நிரம்பி, டோக்கன் நின்றுபோனது. உள்ளூர்க்காரரான சிஸ்டம் சார் வந்தார். டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, லாக் இருந்த கோப்புறையை அப்படியே, வெளியே வயரில் மாட்டிய இந்த டிஸ்குக்கு மாற்றினார். பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு லிங்க் மட்டும் வைத்தார். “பேரு இங்கிட்டு இருக்கும், பொருளு அங்கிட்டு இருக்கும்க்கா. டேட்டாபேஸுக்கு வித்தியாசமே தெரியாது. டிஸ்கை மட்டும் புடுங்கிறாதீங்க,” என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

தலையாட்டுவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். ஆயுதபூஜை வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஸ்டேப்ளருக்குக்கூடப் பொட்டு உண்டு. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்ததில், டிஸ்கும் சாமி படத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடியாமல் யாரும் தொடமாட்டோம். மறுநாள் அந்தப் பூஜைக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. எல்லை தாண்டியதாக நம் படகொன்றைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆட்களின் விவரத்தை உடனே அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் மேல் போன். வாசலில் பெண்கள் அழுதுகொண்டு நின்றார்கள். டேட்டாபேஸோ எழும்பவே இல்லை.

சிஸ்டம் சார் ஓடிவந்தார். அந்தப் படகின் டிரைவர் அவருடைய தம்பி. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “டிஸ்க் எங்கக்கா?” என்று மட்டும் கேட்டார். பூவை ஒதுக்கி எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டினார். பெயர்கள் வந்தன. முதல் பெயர் தம்பியுடையது. அவரே அச்செடுத்து அனுப்பினார்.

மற்றவர்கள் கொஞ்ச நாளில் திரும்பினார்கள். படகை ஓட்டியவன் என்பதால் தம்பிக்கு மட்டும் அங்கே சிறை. இன்னும் வரவில்லை.

எங்களுக்குப் புது சிஸ்டம் வந்துவிட்டது. போன வாரம் ரேஷன் கடை வரிசையில் சாரைப் பார்த்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், டிஸ்கைத் தரட்டுமா என்று கேட்டுவைத்தேன். அவர் கையிலிருந்த குடும்ப அட்டையையே பார்த்தார். “தம்பி பேரு இங்கிட்டுத்தான்க்கா இருக்கு. அரிசிகூடப் போடுறாங்க,” என்றார். பிறகு, “டிஸ்கு ஒங்ககிட்டயே இருக்கட்டும். அவன் வந்தப்பறம் வாங்கிக்கிறேன்.”

இந்த ஆயுதபூஜைக்கும் எல்லாவற்றையும் துடைத்துப் புதுப் பொட்டு வைத்தோம். இழுப்பறையை மட்டும் நான் திறக்கவில்லை.