இருந்த ஃபைல்

'அப்படியொரு ஃபைல் இல்லை.' திரையில் ஆங்கிலத்தில் வரும் அந்த வரியை இன்றும் என்னால் கோபமில்லாமல் படிக்க முடியாது.

கரிக்கலாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பால் சொசைட்டியில் கொழுப்பு அளக்கும் மிஷின் உண்டு. அது காட்டும் எண்ணைச் செயலாளர்தான் பார்த்து, நோட்டில் எழுதுவார். அவர் எழுதியதுதான் கொழுப்பு, அதை வைத்துத்தான் காசு. எங்கள் எருமைப் பாலுக்கு எப்போதும் குறைவாகவே விழுகிறது என்பது, படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கும் தெரியும். அதனால் மிஷின் காட்டும் எண்ணை நேராகச் சீட்டில் அச்சடிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். "மொத நாளே ஓடணும், ஓடலன்னா நோட்டுதான்" என்று செயலாளர் ஒத்துக்கொண்டார்.

அந்தக் காலையில், வரிசையில் அம்மா கேனோடு நிற்க, சொசைட்டியின் புதுக் கம்ப்யூட்டரில் புரோகிராமை ஏற்றி ஓடவிட்டேன். அந்த வரி வந்தது.

"இன்னா தம்பி, ஃபைலே இல்லன்னுது?" என்றார் செயலாளர்.

"இருக்குதுணா, பாருங்க." பட்டியலைக் காட்டினேன். பெயர் இருந்தது, அளவு இருந்தது. மறுபடி ஓடவிட்டேன். மறுபடி இல்லை என்றது.

"எனக்கும் அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும்பா. வூட்லயே வச்சிட்டு வந்துட்டு சாதிக்காத."

"எம்மாடு கறக்கறதுக்கு இங்கிலீஷ் கேக்கல," என்றாள் வரிசையில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பால் வண்டி ஹாரன் அடித்தது. செயலாளர் நோட்டைத் திறந்தார். எங்கள் பாலுக்கு ஆறு.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது பல்லைக் கடித்தேன். என் புரோகிராம் தானாக எழுந்து ஓடுவதில்லை. அதற்கு வேண்டிய பாதி வேலைகள் கம்ப்யூட்டரில் பொதுவாகக் கிடக்கும் லைப்ரரிகளில் இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து, புரோகிராமோடு இணைத்து, பிறகு ஓடவிடுவது லோடர் என்ற இன்னொரு புரோகிராம். அந்த லோடர் எங்கே இருக்கும் என்பது என் ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும். சொசைட்டியின் புதுக் கம்ப்யூட்டர் அறுபத்துநான்கு பிட் ரகம்; நான் புரோகிராம் எழுதிய என் பழைய லேப்டாப் முப்பத்திரண்டு பிட். அதற்கான லோடர் சொசைட்டிக் கம்ப்யூட்டரில் இல்லை. இல்லாதது அதுதான். ஆனால் கம்ப்யூட்டரின் அடிப்படை வேலைகளைப் பார்க்கும் கெர்னல் 'இல்லை' என்று மட்டும் சொல்கிறது, எது இல்லை என்று சொல்வதில்லை. நாம் கட்டளை தட்டும் ஷெல் அதன் முன்னால் என் புரோகிராமின் பெயரை ஒட்டிவிடுகிறது. வராதவன் ஒருவன், பழி வந்து நின்றவன் மேல். இதை இப்படி எழுதி வைத்தவர்கள் யாரும் எங்கள் வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள்.

சாயங்காலக் கறவைக்கு முன்பே போய், அந்தக் கம்ப்யூட்டரிலேயே, அதற்கு ஏற்றபடி புரோகிராமை மறுபடி கம்பைல் செய்தேன். ஓடியது. கறவை முடிந்து வரிசை வந்ததும், அம்மாவின் பாலுக்குச் சீட்டு வந்தது.

செயலாளர் அதைப் பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "காலைல ஃபைல் இல்லாம வந்துட்டு, இப்ப எதையோ கொண்டாந்து காட்டுனா? பேச்சு பேச்சுதான்." நோட்டில் மறுபடி ஆறு எழுதினார்.

"காலைலயும் இதே புரோகிராம்தாணா. ஃபைல் இருந்துச்சு. லோடர்தான் இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான்."

அம்மா என்னிடம் திரும்பினாள். "சீட்ல இன்னாடா வந்துச்சு?"

"ஏழு புள்ளி ரெண்டு."

"ஏழு புள்ளி ரெண்டாம்," என்று பின்னாலிருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னாள். "நோட்ல ஆறாம்."

யாரும் சிரிக்கவில்லை. காலையில் கிண்டல் செய்தவள் செயலாளரைப் பார்க்காமல், தன் கேனை என் பக்கம் நகர்த்தினாள். "எனக்கும் அதுலயே பாருப்பா."