சாவி கேட்ட நர்ஸம்மா

பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடிக்கிற நேரம். சிவகாசியிலிருந்து வெடி லோடு ஏற்றி வந்த லாரியை வாசலிலேயே நிறுத்திவிட்டு டிரைவர் ஓடி வந்தான். "டீச்சர், நம்ம நர்ஸம்மா போயிட்டாகளாம். விடியக்காலம் ஒரு பிரசவம் பாத்துட்டு வந்து படுத்தவுகதானாம்" என்றான். "வாயைக் கழுவுலே" என்று அவனைத் திட்டினேன். பாவம், அவன் என்ன செய்வான். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அப்போதுதான் நம்பினேன்.

ஞானசுந்தரி உங்களுக்கெல்லாம் நர்ஸம்மா, எனக்கு மதினி. என் வீட்டுக்காரர் செல்லையாவின் கூடப்பிறந்த அக்கா. நம் சபையில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். அவரைப் பற்றி எழுதித் தரும்படி சபையார் கேட்டபோது, ஏதாவது நல்ல விஷயமாக எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கக்கூஸ் விஷயம். முகம் சுளிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நம் கோயிலின் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரப் பாதிரியார் கட்டிய கருங்கல் சுவர், நூறு வருஷம் தாண்டிய கோபுரம். சாத்தூர் ரோட்டில் வருகிறவர்களுக்கு ஊருக்கு முந்தி அதுதான் கண்ணில் படும். அவ்வளவு பெரிய கோயிலில் பெண்பிள்ளைகள் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. ஆண்களுக்கு மதிலுக்குப் பின்னால் கருவேலங்காடு இருந்தது. நாங்கள் என்ன செய்வோம்? சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்துவிடுவோம். ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு போகும்வரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது. என் அம்மா அப்படி, மாமியார் அப்படி. அதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருந்தோம். வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து நடந்தே வருகிற தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், நாக்கு வறண்டு வந்து உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள். "நீர்க்கடுப்புன்னு எங்கிட்ட வாரவள்ல பாதிப் பேரு திங்கக்கிழமை வாரா. இதுக்குப் பேரு பக்தியா?" என்று மதினிதான் முதன்முதலாகக் கேட்டார்.

சபைக் கூட்டத்தில் அவர் கக்கூஸ் கட்டச் சொன்னதும் ஆண்கள் கொதித்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து, "அந்தப் பாதிரியாருக்குத் தெரியாததா? வேணும்னா அவரே கட்டியிருப்பாரே" என்றார். மதினி பெண்கள் பாயிலிருந்து எழுந்தார். "கட்டித்தான் வச்சிருக்காரு, அவரு பங்களாவுல. போய்ப் பாத்துட்டு வாங்க!" எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் சபைச் செயலர். "கோயில் பக்கத்துல நாத்தம் வீசினா ஊரு என்னக்கா சொல்லும்?" என்றார். "பொம்பளைக அடக்கி அடக்கிச் சாகுதாக. அதுக்கு ஊரு என்ன சொல்லுச்சு?" என்று மதினி கேட்டார்.

ஒருவழியாகக் கட்டினார்கள். கோயிலுக்குப் பொருத்தமாக அதே கருங்கல், வாசலுக்கு அதே வளைவு. அதற்குப் பிறகுதான் நம் ஆட்களின் புத்தி வேலை செய்தது. "தெறந்து போட்டா ரோட்டுல போறவ வாரவ எல்லாம் நுழைவா" என்று பூட்டுப் போட்டார்கள். சாவி செயலரின் சட்டைப் பையில். அவர் உட்காருவது ஆண்கள் பக்கம், முன்வரிசை. ஒரு பெண் எழுந்து இத்தனை ஆண்களைத் தாண்டிப் போய் அந்தச் சாவியைக் கேட்பாளா? ஒருத்தியும் கேட்கவில்லை. பழையபடி செம்பைக் கவிழ்த்தோம். கொஞ்ச மாதம் பார்த்துவிட்டு, "பாத்தீகளா, ஒரு பொம்பளையும் போகல. அசன அண்டாவ உள்ள போட்டு வைப்போம்" என்று பேச ஆரம்பித்தார்கள்.

அசனம் என்றால் ஊரே கோயில் வளாகத்தில் பந்தி போட்டுச் சாப்பிடும் பண்டிகை நாள். அந்த வருஷத்து அசனத்தில் மதினி எழுந்து நேரே ஆண்கள் பந்திக்குள் போனார். "ஏலே செல்லையா, சாவியக் குடு. எனக்கு ஒண்ணுக்கு முட்டுது" என்றார், கடைசிப் பந்திவரை கேட்கும்படி. நான் சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. என் வீட்டுக்காரர் எச்சில் கையோடு பையைத் தடவினார். சாவியை வாங்கிக்கொண்டு மதினி எங்கள் பக்கம் திரும்பி, "வேற யாரு வாரீக?" என்றார். எல்லோரும் இலையைப் பார்த்தார்கள், நான் வாளியைப் பார்த்தேன்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் இதே கூத்து. பிரசங்கத்தின் நடுவிலும் எழுந்து போவார். "வெக்கமா இல்லையா மதினி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "இல்லாமயா? கேட்டு முடிக்கிற வரைக்கும் நெஞ்சு திக்குதிக்குங்கும். அதுக்காக அண்டாவ உள்ள போட விடுவேனா?" என்றார். மெல்ல மெல்லப் பெண்கள் அவர் காதில் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். உரக்கக் கேட்பது அவர். பின்னாலேயே போவது நாலைந்து பேர். நானும் அப்படித்தான் போய்வந்தேன். அண்டா உள்ளே போகவில்லை. பூட்டும் இறங்கவில்லை.

அவருடைய அடக்க ஆராதனைக்குக் கோயில் கொள்ளாத கூட்டம். ஆளாளுக்கு எழுந்து பேசினார்கள். 'பெண்குல விளக்கு' என்றார் ஒருவர். என் பக்கத்தில், மாசமாக இருந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸ் பெண் பாயில் நெளிந்துகொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னாலும் சிலர் அதே தவிப்பில். "டீச்சர், நர்ஸம்மா இல்லையே. இனிமே யாருகிட்டக் கேக்க?" என்றாள்.

எழுந்து போனேன். பெட்டியில் மதினி, பக்கத்தில் அழுதுகொண்டு என் வீட்டுக்காரர். குனிந்து அவர் காதோடு, யாருக்கும் கேட்காமல், சாவி கேட்டேன். "இப்பமா? அடக்கம் முடியட்டும்" என்றார். உரக்கக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய இடமே அதுதான். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கூசிப்போய்த் திரும்பி வந்து, "அடக்கம் முடியட்டும்மா" என்றேன்.

"சரி டீச்சர்" என்றாள், கொஞ்சம்கூடக் கோபமில்லாமல். பின்னால் இருந்தவர்களும் தலையை ஆட்டிவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

மதினியின் கைக்கடிகாரத்தையும் வேதாகமத்தையும் அவர் மகள் கொண்டுபோய்விட்டாள். எனக்கு மிஞ்சியது அந்தப் பெண் சொன்ன "சரி டீச்சர்" மட்டும்தான். என் வீட்டுக்காரர் இதைப் படிப்பார், நன்றாகப் படிக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு போய் அவள் பக்கத்தில் பாயில் உட்காருவேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.